கட்டடம் எழும்பும் முன்பே கரன்ட் பில்லைச் சொல்லும் ப்ளக்-இன்கள்... நம்பலாமா? பயன்படுத்துபவர்கள் சொல்வது என்ன?

ஒரு வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ எத்தனை டன் ஏசி தேவைப்படும், எவ்வளவு கரன்ட் ஓடும் என்பதில் பெரும்பகுதி அஸ்திவாரம் தோண்டும் முன்பே முடிவாகிவிடுகிறது. ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது, எவ்வளவு பெரியது, மேலே சன்ஷேடு உண்டா, மொட்டை மாடியில் என்ன பதிக்கப் போகிறார்கள்... ஆர்கிடெக்ட் கம்ப்யூட்டரில் கோடு போடும்போதே பில் கணக்கும் ஆரம்பமாகிவிடும். கட்டி முடித்த பிறகு, மேற்குப் பக்க ஜன்னலைத் தூக்கி வடக்குப் பக்கம் வைக்க முடியாது.

அதனால்தான், வரைபட நிலையிலேயே மின்செலவைக் கணக்கிட்டுச் சொல்லும் 'எனர்ஜி மாடலிங் ப்ளக்-இன்'களை உலகம் முழுவதும் ஆர்கிடெக்ட்கள் பயன்படுத்துகிறார்கள். ஒரு பட்டனை அழுத்தினால், வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று திரையில் எண் வந்து நிற்கும். வாடிக்கையாளருக்குக் காட்ட கலர் படமும் கிடைக்கும்.

ஆனால், அந்த எண் எவ்வளவு உண்மை? இந்தக் கருவிகளைத் தினமும் பயன்படுத்துபவர்கள் எதைப் பாராட்டுகிறார்கள், எதைக் குறை சொல்கிறார்கள்? வீடு கட்டப் போகிறவர்கள் இதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், ப்ளக்-இன் என்றால் என்ன?

ஆர்கிடெக்ட்கள் ஸ்கெட்ச்அப், ரெவிட், ரைனோ போன்ற சாஃப்ட்வேர்களில்தான் கட்டடத்தின் முப்பரிமாண மாடலை உருவாக்குகிறார்கள். இவை வரைவதற்கான கருவிகள். சுவர் எங்கே இருக்கிறது என்று இவற்றுக்குத் தெரியும். அந்தச் சுவர் வழியாக எவ்வளவு சூடு உள்ளே வரும் என்று தெரியாது.

சூட்டைக் கணக்கிடுவதற்கு 'இன்ஜின்' என்று தனியாக ஒரு புரோகிராம் இருக்கிறது. உலகில் அதிகம் பயன்படுத்தப்படும் இன்ஜின்களில் ஒன்று எனர்ஜிபிளஸ். அமெரிக்க எரிசக்தித் துறை உருவாக்கியது. டிஓஇ-2, பிளாஸ்ட் என்ற இரண்டு பழைய புரோகிராம்களின் அனுபவத்தை வைத்து எழுதப்பட்டு, 2001-இல் வெளியானது. இன்று வரை இலவசம்.

ஒரு வருஷத்தில் 8,760 மணி நேரம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வெளியே வெயில் எவ்வளவு, காற்று எப்படி, உள்ளே எத்தனை பேர், எத்தனை லைட் எரிகிறது, ஏசி ஓடுகிறதா என்று பார்த்து, சூட்டுக் கணக்கை இந்த இன்ஜின் போட்டுக்கொண்டே போகும்.

பிரச்னை என்னவென்றால், எனர்ஜிபிளஸுக்கு அழகான திரை கிடையாது. எல்லாவற்றையும் எழுத்தாகவும் எண்ணாகவும் கொடுக்க வேண்டும். ஒரு அறையின் நான்கு மூலைகளைக்கூட எண்களாகத்தான் சொல்ல வேண்டும். வரைந்து பழகிய ஆர்கிடெக்ட்டுக்கு இது பெரிய தலைவலி.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் ப்ளக்-இன். வரையும் சாஃப்ட்வேருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, மாடலை இன்ஜினுக்குப் புரியும் மொழியில் மாற்றிக் கொடுக்கும். இன்ஜின் தரும் பதிலைப் படமாகவும் வரைபடமாகவும் திருப்பிக் காட்டும். சுருக்கமாகச் சொன்னால், மொழிபெயர்ப்பாளர் வேலை.

எப்போது வந்தது?

இந்தத் துறையில் முக்கியமான ஆண்டு 2008. ஸ்கெட்ச்அப் அப்போது கூகுள் கையில் இருந்தது. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகமான என்ஆர்இஎல், அந்த ஆண்டில்தான் ஓப்பன்ஸ்டுடியோ என்ற ப்ளக்-இன்னை ஸ்கெட்ச்அப்புக்காக இலவசமாக வெளியிட்டது. பெட்டி வரைவதுபோல அறைகளை வரைந்தால் போதும், எனர்ஜிபிளஸுக்கான ஃபைல் தயாராகிவிடும்.

அடுத்து பல கருவிகள் வந்தன. ரைனோ சாஃப்ட்வேருக்காக லேடிபக் 2013-இல் வந்தது, அதைத் தொடர்ந்து ஹனிபீ. இரண்டும் ஓப்பன் சோர்ஸ். ஸ்கெட்ச்அப், ரெவிட் இரண்டிலும் இயங்கிய செஃபைரா என்ற கருவியை, ஸ்கெட்ச்அப்பின் இன்றைய உரிமையாளரான டிரிம்பிள் நிறுவனம் 2016-இல் வாங்கியது. ரெவிட் வைத்திருக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்திடம் இன்சைட் இருக்கிறது.

பயன்படுத்துபவர்கள் பாராட்டுவது எதை?

ஒரே வார்த்தையில் சொன்னால், வேகம்.

முன்பெல்லாம் ஆர்கிடெக்ட் வரைந்து முடித்த பிறகுதான் பிளான் இன்ஜினியர் கைக்குப் போகும். அவர் தனியாக மாடல் செய்து ரிப்போர்ட் தருவதற்குள் டிசைன் முடிவாகிவிடும். 'இந்தப் பக்கம் கண்ணாடி அதிகம்' என்று அவர் சொல்லும்போது, மாற்றுவதற்கு யாருக்கும் மனசு வராது. ப்ளக்-இன் இருந்தால் ஆரம்பத்திலேயே நாலைந்து யோசனைகளைப் போட்டுப் பார்க்கலாம். கட்டடத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் என்ன ஆகும்? சன்ஷேடை ஒரு அடி நீட்டினால்? பதில் உடனே தெரிந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். மேற்குப் பார்த்த ஜன்னல், 2 சதுர மீட்டர் கண்ணாடி. மாலை வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் மேல் விழுவது மொத்தம் 1,000 வாட். சாதாரணக் கண்ணாடி அதில் சுமார் 80 சதவீதத்தை உள்ளே விடும், அதாவது 800 வாட். வெயிலைத் தடுக்கும் கண்ணாடி 30 சதவீதம் மட்டும் விடுகிறது என்றால் 300 வாட். ஒரு ஜன்னலுக்கு 500 வாட் வித்தியாசம். இப்படி நான்கு ஜன்னல் இருந்தால் 2,000 வாட்.

ஒரு டன் ஏசி வெளியேற்றும் சூடே சுமார் 3,500 வாட்தான். ஆக, அந்த நான்கு கண்ணாடிக்காக மட்டும் ஏசி தன் திறனில் பாதிக்கு மேல் கூடுதலாக உழைக்க வேண்டும். வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகும் வாடிக்கையாளர், திரையில் சிவப்பும் நீலமுமாகப் பார்த்ததும் சன்ஷேடுக்கு ஒப்புக்கொள்கிறார் என்பது ஆர்கிடெக்ட்கள் சொல்லும் இன்னொரு பலன்.

சரி, இதுல குறையே இல்லையா? இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் புகார்கள் நான்கு.

புகார் 1: 'என் மாடல் அதுக்குப் புரியல'

ஆர்கிடெக்ட்டின் மாடல் வேறு, சூட்டுக் கணக்குக்குத் தேவையான மாடல் வேறு. ஆர்கிடெக்ட் சுவரைத் தடிமனோடு வரைவார், உள்பக்கம் ஒரு முகம், வெளிப்பக்கம் ஒரு முகம். கைப்பிடி, கார்னிஸ், படிக்கட்டு எல்லாம் இருக்கும். இன்ஜினுக்கு இதெல்லாம் வேண்டாம். அதற்கு ஒவ்வொரு அறையும் ஓட்டை இல்லாத ஒரு மூடிய பெட்டியாக இருக்க வேண்டும். சுவர் என்பது ஒரே ஒரு பரப்பு.

மூலையில் இடைவெளி இருந்தால், அறை முழுதாக மூடவில்லை என்று எச்சரிக்கை வரலாம். பக்கத்துப் பக்கத்து அறைகளுக்குப் பொதுவான சுவரை 'இது இரண்டுக்கும் பொது' என்று இணைத்துச் சொல்லாவிட்டால், அது வெயில் படும் வெளிச்சுவராகக் கணக்கில் ஏறிவிடும். எனர்ஜிபிளஸில் ஒரு ஜன்னலுக்கு மூன்று அல்லது நான்கு மூலைகள்தான் இருக்கலாம். வட்ட ஜன்னல் போட்டால், அதைத் துண்டு துண்டாக உடைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஓப்பன்ஸ்டுடியோ ப்ளக்-இன்னில் ஏற்கெனவே வரைந்து வைத்த சாதாரண ஸ்கெட்ச்அப் மாடலை அப்படியே பயன்படுத்த முடியாது. 'ஸ்பேஸ்' என்ற தனிப் பெட்டிகளாக மீண்டும் வரைய வேண்டும். 'ஒரு பட்டன் போதும்னு நினைச்சோம், ரெண்டு தடவை வரைய வேண்டியதாயிடுச்சு' என்ற அலுப்பு புதிதாக வருபவர்களிடம் சகஜம்.

பிழை வந்தால் அதைப் புரிந்துகொள்வது இன்னொரு போராட்டம். எனர்ஜிபிளஸ் தரும் பிழை அறிக்கையில் 'வார்னிங்', 'சிவியர்', 'ஃபேட்டல்' என்று மூன்று நிலைகள் உண்டு. ஃபேட்டல் என்றால் கணக்கு நின்றுவிடும். கவனிக்க வேண்டியது மற்ற இரண்டும்தான். அவை இருந்தாலும் பல நேரம் கணக்கு முடிந்து எண் வந்துவிடும். அறிக்கையைத் திறந்து பார்க்காதவருக்கு அந்த எண் சரியானதாகவே தெரியும்.

புகார் 2: கேட்காமலே நிரப்பப்படும் விவரங்கள்

இதுதான் பில்லை அதிகமாகப் பாதிப்பது. அதே சமயம், வெளியே தெரியாமல் இருப்பதும் இதுதான்.

8,760 மணி நேரத்துக்குக் கணக்குப் போட ஏராளமான தகவல்கள் தேவை. சுவர் எந்தப் பொருள், அறையில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு லைட் போடுவார்கள், ஏசி எந்த டிகிரியில் எத்தனை மணி நேரம் ஓடும். ஆரம்ப நிலையில் இவற்றில் பல ஆர்கிடெக்ட்டுக்கே தெரியாது. எனவே ப்ளக்-இன், தன்னிடம் இருக்கும் 'டிஃபால்ட்' விவரங்களை எடுத்து நிரப்பிக்கொள்கிறது.

அந்த டிஃபால்ட் யாருடைய ஊரைப் பார்த்து எழுதப்பட்டது? பல கருவிகளில் அமெரிக்கத் தரநிலைகளைப் பார்த்து. அங்கே மரச் சட்டம் அல்லது இரும்புச் சட்டத்துக்கு நடுவே இன்சுலேஷன் வைத்த சுவர் சகஜம். நம்மூர்ல 9 இன்ச் செங்கல் சுவர், இருபக்கம் பூச்சு, மேலே கான்கிரீட் தளம், தட்டோடு. இதை யாராவது கையால் மாற்றிக் கொடுக்காவிட்டால், கொரட்டூரில் கட்டப்போகும் வீட்டுக்குக் கொலராடோவின் சுவரை வைத்துக் கணக்கு வரும்.

ஏசி நேரமும் அப்படித்தான். கட்டடம் முழுவதும் குளிரூட்டப்படுகிறது, வெப்பநிலை எப்போதும் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது பல டிஃபால்ட்களின் அனுமானம். தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் பெட்ரூமில் மட்டும், ராத்திரியில் மட்டும் ஏசி. மற்ற நேரம் ஃபேனும் திறந்த ஜன்னலும்தான்.

இதனால் எவ்வளவு மாறும்? ஒரு ஏசி மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினம் 8 மணி நேரத்துக்கு 60 நாளில் 480 யூனிட். அதே ஏசி 24 மணி நேரமும் ஓடினால் 1,440 யூனிட். கட்டடத்தில் ஒரு செங்கல்கூட மாறவில்லை, கணக்கில் ஒரு வரி மாறியதற்கே மூன்று மடங்கு.

'எண் தப்பா இருந்தாலும் எது பெஸ்ட்னு சொல்லிடுமே?'

இப்படி ஒரு சமாதானம் அடிக்கடி சொல்லப்படுகிறது. மொத்த யூனிட் தவறாக வந்தாலும், இரண்டு டிசைன்களில் எது நல்லது என்பதைச் சரியாகக் காட்டிவிடும் என்பது வாதம். பல நேரங்களில் இது உண்மையும்கூட. ஆனால் எப்போதும் கிடையாது.

தடிமனான மேற்குச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் வெயிலை வாங்கிய செங்கல் சுவர், அந்தச் சூட்டை உடனே உள்ளே விடாது. பல மணி நேரம் கழித்துத்தான் விடும். மாலை 6 மணிக்குப் பூட்டிவிடும் அலுவலகத்துக்கு இது லாபம், சூடு உள்ளே வரும்போது ஆளே இல்லை. அதே சுவர் பெட்ரூமுக்கு இருந்தால், சரியாகத் தூங்கப் போகும் நேரத்தில் அனல் வீசும். இரவு 10 மணிக்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அதாவது, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஆள் இருப்பார்கள் என்ற ஒரு தகவல் தவறினால், நல்ல டிசைன் கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் தெரியலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக்கூட, நேரக் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

புகார் 3: எந்த ஊர் வெயில்?

ப்ளக்-இன்னுக்கு வெளியே உள்ள வானிலையைச் சொல்வது 'ஈபிடபிள்யூ' என்ற ஃபைல். ஒரு வருஷத்தின் 8,760 மணி நேரத்துக்கும் வெப்பநிலை, ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் அதில் இருக்கும். இந்திய நகரங்களுக்கு, குளிரூட்டல் துறைப் பொறியாளர்களின் அமைப்பான இஷ்ரே தயாரித்த ஃபைல்கள் உள்ளன. சென்னைக்கும் உண்டு.

ஆனால் இது எந்த ஒரு குறிப்பிட்ட வருஷத்தின் பதிவும் கிடையாது. பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து வழக்கமான ஒரு ஜனவரி, வழக்கமான ஒரு பிப்ரவரி என்று பொறுக்கியெடுத்துத் தைத்த 'சராசரி வருஷம்'. அதனால், கத்திரி வெயிலில் வழக்கத்தை மீறி வரும் வெப்ப அலை இதில் பிடிபடாமல் போகலாம். பழைய ஆண்டுகளை வைத்துச் செய்த ஃபைலாக இருந்தால், இன்றைய சூட்டையும் குறைத்தே காட்டும்.

இடமும் முக்கியம். இந்தப் பதிவுகள் பெரும்பாலும் விமான நிலையத்தில் எடுக்கப்பட்டவை. சென்னையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கோடையில் தினமும் டிவியில் 'நுங்கம்பாக்கத்தில் இவ்வளவு, மீனம்பாக்கத்தில் இவ்வளவு' என்று இரண்டு எண் வரும், பல நாள் மீனம்பாக்கம்தான் அதிகம். கடல்காற்று சீக்கிரமே தொடும் பெசன்ட் நகர் வீட்டுக்கும், நெருக்கமான தெருவில் நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்த வீட்டுக்கும் ஒரே ஃபைலைப் போட்டால் கணக்கு எப்படிப் பொருந்தும்?

புகார் 4: கற்று முடிக்கும்போது கருவியே காணாமல் போகிறது

பயனர்களின் கோபம் அதிகமாகத் தெரியும் இடம் இது. வரையும் சாஃப்ட்வேருக்குப் புதிய பதிப்பு வந்துகொண்டே இருக்கும். ப்ளக்-இன் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஸ்கெட்ச்அப் 2014 பதிப்பில், ப்ளக்-இன்கள் எழுதப்படும் ரூபி மொழியின் பதிப்பே மாறியது. பழைய ப்ளக்-இன்கள் பலவற்றைத் திருத்தி எழுத வேண்டிவந்தது. 'அப்டேட் பண்ணாதீங்க, ப்ளக்-இன் போயிடும்' என்று ஆபீஸ்களில் எச்சரித்துக்கொள்வது இதனால்தான்.

சில நேரம் கருவி மொத்தமாகவே நின்றுபோகும். சிறந்த உதாரணம் எகோடெக்ட். ஆண்ட்ரூ மார்ஷ் உருவாக்கிய இந்தச் சாஃப்ட்வேர், ஆர்கிடெக்ட்களுக்கும் கட்டடக்கலை மாணவர்களுக்கும் மிகவும் பிடித்தமானது. வெயில் எங்கே விழும், நிழல் எங்கே நகரும் என்பதை அழகாகக் காட்டும். ஆட்டோடெஸ்க் அதை 2008-இல் வாங்கியது. 2015 மார்ச்சில் விற்பனையை நிறுத்தியது. அதன் அம்சங்களை ரெவிட் போன்ற தன் மற்ற சாஃப்ட்வேர்களில் சேர்ப்பதாகச் சொன்னது. எகோடெக்ட்டில் வருஷக் கணக்காகப் பழகியவர்கள் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

ஓப்பன்ஸ்டுடியோவிலும் 2020-இல் மாற்றம் வந்தது. கணக்குப் போடும் அடிப்படைப் பகுதியை என்ஆர்இஎல் தொடர்ந்தது. பயனர்கள் தொட்டுப் பழகும் திரையும் ஸ்கெட்ச்அப் ப்ளக்-இன்னும் ஓப்பன்ஸ்டுடியோ கோயலிஷன் என்ற கூட்டமைப்பின் பொறுப்புக்குப் போயின. ஓப்பன் சோர்ஸாக இருந்ததால் வேறு கைகள் எடுத்து நடத்த முடிந்தது. எகோடெக்ட்டுக்கு அந்த வழி இல்லை.

ஆர்கிடெக்ட்களுக்கு உண்மையில் என்ன வேண்டும்?

ஷேடி அட்டியா தலைமையிலான ஆய்வாளர்கள் 2009-இல் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட பத்துக் கருவிகள் குறித்து ஆர்கிடெக்ட்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஸ்கெட்ச்அப் ப்ளக்-இன், எகோடெக்ட் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன.

ஆர்கிடெக்ட்கள் முதலில் கேட்டது துல்லியத்தை அல்ல. 'முடிவெடுக்க எங்களுக்கு வழிகாட்டணும்' என்பதே முதல் எதிர்பார்ப்பு. வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று சொன்னால் மட்டும் போதாது. அது ஏன் அதிகம், எதை மாற்றினால் குறையும் என்று கருவி சொல்ல வேண்டும்.

துல்லியம் தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. கணக்குப் போடும் இன்ஜின்களைச் சோதிக்க அஷ்ரே 140 போன்ற தரநிலைகள் ஏற்கெனவே இருக்கின்றன. சிக்கல் அதிகம் வருவது இன்ஜினுக்கு முன்னால், தகவலை ஊட்டும் இடத்தில். அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது ப்ளக்-இன். எதை அனுமானித்தது, எதை நிரப்பியது என்பதை அது வெளிப்படையாகக் காட்டினாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

கணித்தது ஒன்று, வந்தது ஒன்று

அமெரிக்காவின் நியூ பில்டிங்ஸ் இன்ஸ்டிடியூட் 2008-இல், லீட் பசுமைச் சான்றிதழ் பெற்ற 121 கட்டடங்களின் உண்மையான மின்செலவை எடுத்துப் பார்த்தது. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தபோது, கணிப்புக்கும் உண்மைக்கும் பெரிய தூரம் இல்லை. ஆனால், தனித்தனிக் கட்டடமாகப் பார்த்தபோது படம் மாறியது. சில கட்டடங்கள் கணித்ததைவிட மிகக் குறைவாகவும், சில மிக அதிகமாகவும் செலவழித்தன.

சொந்த வீடு கட்டுபவருக்கு 121 வீடு கிடையாது, ஒரே வீடுதான். சராசரியில் சரியாக இருப்பது அவருக்கு உதவாது. எனவே, 'வருஷத்துக்கு 4,812 யூனிட்' என்று கடைசி இலக்கம் வரை வரும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. குடியிருப்பவர்கள் எப்படி வாழ்வார்கள் என்பது எந்தச் சாஃப்ட்வேருக்கும் முன்கூட்டியே தெரியாது.

இந்திய விதிகள் என்ன சொல்கின்றன?

வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்பு விதியான ஈசிபிசி 2017, 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் இணைப்புச் சுமை உள்ள கட்டடங்களுக்கானது. அதில் ஒரு வழிமுறை முழுக் கட்டடத்துக்கும் சிமுலேஷன் செய்து காட்டுவது. அதே அளவுள்ள, விதிப்படி அமைந்த ஒரு கற்பனைக் கட்டடத்தை வைத்து, உங்கள் டிசைன் அதைவிட அதிகம் செலவழிக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். இங்கேயும் இரண்டையும் ஒரே நிபந்தனையில் ஒப்பிடுவதுதான் அடிப்படை.

வீடுகளுக்கு 2018-இல் 'எகோ நிவாஸ் சம்ஹிதா' விதிகளின் முதல் பகுதி வந்தது. 500 சதுர மீட்டர், அதாவது சுமார் இரண்டேகால் கிரவுண்டுக்குக் குறையாத மனையில் வரும் குடியிருப்புகளுக்கானது. இதற்குச் சிமுலேஷன் தேவையில்லை, ஒரு சூத்திரமே போதும். கூரை தவிர்த்த வெளிச்சுவர்கள், ஜன்னல்கள் வழியாக வரும் சூட்டைக் குறிக்கும் அளவு, சென்னை போன்ற ஊர்களில் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. கூரைக்குத் தனி வரம்பு உண்டு. மேலே எதுவும் பதிக்காத வெறும் கான்கிரீட் தளம் அந்த வரம்புக்குள் வராது.

இப்படிப்பட்ட விதிகளை மாநில அரசுகள் தங்கள் கட்டட விதிகளில் சேர்க்கும்போதுதான் நடைமுறையில் கட்டாயமாகின்றன.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்தியர்கள் எந்த வெப்பநிலையில் சௌகரியமாக உணர்கிறார்கள் என்பதை வைத்து, அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐமேக் என்ற மாதிரியை உருவாக்கினார்கள். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பிலும் அது இடம்பெற்றது. ஜன்னலைத் திறந்து, ஃபேன் போட்டு வாழ்பவர்கள், ஏசி அறையில் இருப்பவர்களைவிட அதிக வெப்பத்தையும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது அதன் அடிப்படை. வெளிநாட்டு டிஃபால்ட்டை அப்படியே போட்டால், இந்தப் பழக்கம் கணக்கில் வராது.

வீடு கட்டுபவர்கள் கேட்க வேண்டியது என்ன?

உங்கள் ஆர்கிடெக்ட் 'எனர்ஜி சிமுலேஷன் பண்ணிட்டோம் சார்' என்று ரிப்போர்ட் கொடுத்தால், கீழே உள்ளவற்றைக் கேளுங்கள். இதற்கு டெக்னிக்கல் அறிவு தேவையில்லை.

• எந்த ஊர் வானிலை ஃபைல்? அது எந்த ஆண்டுகளின் பதிவுகளை வைத்துச் செய்யப்பட்டது?

• சுவரும் கூரையும் நாம் உண்மையில் கட்டப்போகும் பொருளா, சாஃப்ட்வேர் தானாக எடுத்துக்கொண்டதா?

• ஏசி எந்தெந்த அறையில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த டிகிரியில் ஓடுவதாகப் போட்டிருக்கிறீர்கள்? ஃபேனும் திறந்த ஜன்னலும் கணக்கில் உண்டா?

• பிழை அறிக்கையில் 'சிவியர்' என்று எதாவது வந்ததா? அதைச் சரிசெய்த பிறகு வந்த எண்தானா இது?

• ஒரே ஒரு எண்ணுக்குப் பதிலாக இரண்டு மூன்று டிசைன்களை ஒப்பிட்டுக் காட்ட முடியுமா? சன்ஷேடு இருந்தால், இல்லாவிட்டால், கண்ணாடியைக் குறைத்தால் என்று தனித்தனியாக?

• ஏசி நேரத்தை மாற்றிப் போட்டாலும் அதே டிசைன்தான் முன்னால் நிற்கிறதா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. இன்று பெட்ரூமில் மட்டும் ஏசி. நாளை ஹாலிலும் வரலாம், பிள்ளைகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். பழக்கம் எப்படி மாறினாலும் எந்த டிசைன் முதலிடத்தில் நிற்கிறதோ, அதில் பணம் போடலாம். கூரையில் வெயிலைத் தடுப்பதும் மேற்கு ஜன்னலுக்கு நிழல் கொடுப்பதும் நம்மூர் வெயிலுக்குப் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

ஆர்கிடெக்ட்டிடம் ரிப்போர்ட் வாங்கும்போது, எண் இருக்கும் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். என்னென்ன அனுமானங்களை வைத்து அந்த எண் வந்தது என்ற பட்டியலையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். குடிபோன பிறகு பில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தால், எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க உதவப்போவது அந்தப் பட்டியல்தான்.